லூப் லைனில் நின்று ஜானி கேஷ் கேட்பது எப்படி

முதலில் அந்த ஹெட்போனைக் கழற்றி வையுங்கள். நாம் கேட்கப்போவது அமெரிக்கப் பாடகர் ஜானி கேஷின், 1957-இல் வந்த மோனோ பதிவு. இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று என்று பிரித்துத் தர அதில் எதுவும் கிடையாது. ஹெட்போனில் கேட்டால் மண்டைக்கு நடுவில் ஒருவர் உட்கார்ந்து பாடுவது போல இருக்கும், எனக்குப் பத்து நிமிடத்தில் தலைவலி வந்துவிடும். போனை மேசையில் வைத்து அப்படியே கேட்பதும் வேண்டாம். இவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற குரல். கூட வாசிக்கிற பாஸ் என்ற அடிச்சுரத் தந்தி வாத்தியம் அதற்கும் கீழே. போன் ஸ்பீக்கரில் இரண்டிலும் பாதி காணாமல் போய்விடும்.

கொஞ்சம் கனமான ஸ்பீக்கர் ஒன்றே ஒன்று போதும். அறையின் மூலையில், சுவரை ஒட்டி, மர ஸ்டூல் மேல் வையுங்கள். மூலையில் வைத்தால் அடிக்குரல் தூக்கலாகக் கேட்கும். ஸ்டீல் பீரோ மேல் மட்டும் வைக்காதீர்கள். நான் வைத்துப் பார்த்தேன், பீரோ கதவும் சேர்ந்து பாடியது.

ஆல்பத்தின் பெயர் ‘ஜானி கேஷ் வித் ஹிஸ் ஹாட் அண்ட் ப்ளூ கிட்டார்’. ஜானி கேஷின் முதல் ஆல்பம். அமெரிக்காவில் மெம்ஃபிஸ் நகரத்து சன் ரெக்கார்டு கம்பெனி போட்ட முதல் எல்பியும், அதாவது பெரிய இசைத்தட்டும், இதுதான். 1957 அக்டோபரில் வந்தது. பக்கத்துக்கு ஆறாக 12 பாட்டு, எல்லாம் சேர்த்தாலும் அரை மணி நேரம் ஆகாது. காட்பாடியில் ஏறினால் குடியாத்தம் வருவதற்குள் முடிந்துவிடும். கன்ட்ரி மியூசிக் என்றதும் ‘நாட்டுப்புறப் பாட்டு’ என்று மனதில் எழுதிக்கொண்டு தெம்மாங்கை எதிர்பார்க்க வேண்டாம். பருத்திக் காட்டிலிருந்து வந்தவர்கள் ரேடியோவுக்கும் ரெக்கார்டுக்கும் பாடிய பாட்டு. அவ்வளவு தெரிந்தால் இப்போதைக்குப் போதும்.

நான் சங்கீதம் படித்தவன் இல்லை. சதர்ன் ரயில்வேயில் கூட்ஸ் கார்டாக இருந்து, கடைசி சில வருஷம் பாஸஞ்சர் வண்டி பார்த்து, ரிட்டயர் ஆனவன். இப்போது அந்த வேலைக்கு ட்ரெயின் மேனேஜர் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். என் காலத்தில் கார்டுதான். ஜோலார்பேட்டையில் டிரைவர், கார்டுகள் தங்கி ஓய்வெடுக்கும் ரன்னிங் ரூமில் ஆங்கிலோ இந்திய டிரைவர் ஒருவர் டேப் ரெக்கார்டரில் இந்த ஆளைப் போட்டுக்கொண்டு சட்டைக்கு இஸ்திரி போடுவார். நாங்கள் எல்லோரும் அவரை ‘அங்கிள்’ என்போம். “என்ன அங்கிள், எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி இருக்கே” என்று ஒருநாள் கேட்டேன். “நீ எத்தினி மணி நேரம் லூப்ல நின்னிருக்க?” என்றார். “அதிகபட்சம் ஏழு மணி நேரம்.” “அப்ப உனக்குப் புரியும், எடுத்துனு போ” என்று கேசட்டைக் கையில் கொடுத்தார். திருப்பிக் கொடுக்கவே இல்லை. அவரும் கேட்கவில்லை.

லூப் என்றால் என்னவென்று வெளி ஆட்களுக்குச் சொல்லிவிட வேண்டும். கூட்ஸ் வண்டிக்கு எப்போதும் கடைசிப் பந்தி. மெயில், எக்ஸ்பிரஸ், பாஸஞ்சர் எல்லாம் போன பிறகுதான் சிக்னல் விழும். அதுவரை லத்தேரியிலோ மேல்பட்டியிலோ பச்சகுப்பத்திலோ ஓரத்து லைனில் ஒதுக்கி நிறுத்திவிடுவார்கள். ‘லூப்ல போட்டுட்டான்’ என்போம். இன்ஜினில் டிரைவரும் அசிஸ்டென்ட்டும் பேசிக்கொண்டாவது இருப்பார்கள். கார்டு வண்டியின் வாலில், பிரேக் வேனில், தனி ஆள். பக்கத்து லைனில் வெளிச்சமாக ஒரு எக்ஸ்பிரஸ் போகும். ஜன்னலில் யாரோ இட்லிப் பொட்டலம் பிரிப்பது தெரியும். அது போன பிறகு தவளைச் சத்தம் முன்பைவிடப் பெரிதாகக் கேட்கும்.

இந்த ஆல்பத்தைக் கேட்க வேண்டிய இடம் அந்த பிரேக் வேன்தான். இதில் ரயில் நிறைய வருகிறது, ஆனால் ‘நான்’ என்று பாடுகிற ஆள் எந்தப் பாட்டிலும் ஓடுகிற வண்டிக்குள் இல்லை. எங்கேயோ நின்றுகொண்டு, இல்லாவிட்டால் அடைபட்டுக்கொண்டு, போகிற வண்டியைக் கேட்கிறான். இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

சரி, எந்தப் பதிவைத் தேடுவது? இங்கேதான் நிறையப் பேர் வழுக்கிவிடுகிறார்கள். கேஷ் 1958-இல் சன்னை விட்டு கொலம்பியா கம்பெனிக்குப் போனார். அங்கே 1964-இல் ‘ஐ வாக் த லைன்’ பாட்டை மறுபடி பாடிப் பதிவு செய்தார். 1968 ஜனவரி 13 அன்று ஃபால்சம் ஜெயிலுக்குள்ளேயே போய், கைதிகள் முன்னால் பாடி, அதையும் ஆல்பமாக்கினார். போனில் தேடினால் இவைதான் முதலில் வந்து நிற்கும். ‘ஐ வாக் த லைன்’, ‘ஃபால்சம் ப்ரிசன் ப்ளூஸ்’ இரண்டிலும் டிரம் கேட்டால், அல்லது கூட்டம் கத்தினால், நீங்கள் ஏறியது வேறு வண்டி, இறங்கிவிடுங்கள். சரியான ஆல்பம் கிடைத்தாலும் புதிய வெளியீடுகளில் பின்னால் கூடுதல் பாட்டுகளை ஒட்டியிருப்பார்கள். 12-ஆவது பாட்டோடு நிறுத்த வேண்டும்.

இன்னொரு வகை உண்டு. பழைய மோனோவை எடுத்து, இரண்டு பக்கமும் பிரித்ததுபோல் பாசாங்கு பண்ணி, ‘ஸ்டீரியோ’ என்று அட்டையில் போட்ட எல்பி. ஒரு கடையில் ஆர்டர் செய்து, பென்ஷன் பணத்தில் இரண்டாயிரத்துச் சொச்சம் கொடுத்து, அதைத்தான் வாங்கினேன். குளியலறையில் நின்று பாடுகிற மாதிரி இருந்தது. திருப்பி எடுக்க மாட்டேன் என்றுவிட்டார்கள். அது இப்போது சுவரில் ஆணியடித்து அழகுக்குத் தொங்குகிறது.

நேரம், ராத்திரி பத்துக்கு மேல். வேலூர் வெயிலில் மதியம் மூன்று மணிக்கு இதைப் போட்டால் தூக்கம் வரும், அவ்வளவுதான்.

முதல் தடவை வார்த்தையை விட்டுவிடுங்கள். இங்கிலீஷ் புரியவில்லையே என்று கவலைப்படவும் வேண்டாம். தாளத்தை மட்டும் பிடியுங்கள். மூன்றே பேர். கேஷ் சாதாரணக் கிட்டாரை உரசுகிறார், லூதர் பெர்கின்ஸ் எலெக்ட்ரிக் கிட்டாரில் ஒவ்வொரு தந்தியாகத் தட்டுகிறார், மார்ஷல் கிராண்ட் பாஸ். பின்னவர்கள் இருவரும் மெம்ஃபிஸில் கார் மெக்கானிக்குகள். பெரிய வித்துவான்கள் இல்லை என்பதால்தான் இந்தச் சத்தம் பிறந்தது என்பது என் கட்சி. லூதருக்கு வேகமாக வாசிக்க வராது. அதனால் ஒவ்வொரு தட்டையும் யோசித்து, அளந்து வைக்கிறார். எக்ஸ்பிரஸ் வாசிப்பு இல்லை, லோடு ஏற்றிய கூட்ஸ்.

பழைய தண்டவாளத்தில் ஒவ்வொரு துண்டும் 13 மீட்டர். இணைப்பு வரும் இடத்தில் சக்கரம் ‘தடக்’ என்று தட்டும். கையில் வாட்ச்சை வைத்துக்கொண்டு 47 விநாடியில் எத்தனை தட்டு என்று எண்ணினால், அதுவே வண்டியின் வேகம், மணிக்கு அத்தனை கிலோமீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக வரும். எங்களுக்கு இது பழக்கத்தில் தானாக வந்துவிடும். இப்போது தண்டவாளத்தை நீளமாக வெல்டிங் செய்துவிட்டதால் அந்தத் தட்டு போய்விட்டது. என் பேரனுக்கு ரயில் சத்தம் என்றால் ‘ஸ்ஸ்ஸ்’ என்பதுதான். அவனுக்கு இந்த ஆல்பத்தைப் போட்டுக் காட்டித்தான் ‘தடக்-தடக்’ என்றால் என்ன என்று சொன்னேன்.

அப்புறம் அந்த ‘சக்’ சத்தம். ‘ஐ வாக் த லைன்’ பாட்டில் யாரோ குச்சியால் டிரம்மை லேசாகத் தட்டுவது போல ஒன்று கேட்கும். டிரம் கிடையாது. கேஷ் தன் கிட்டாரின் தந்திகளுக்கு இடையில் ஒரு காகிதத்தைச் செருகிக்கொண்டு உரசினார். இதை நீங்களே செய்து பார்க்கலாம், செய்தே தீர வேண்டும் என்பேன். பேரனின் கிட்டாரை வாங்கி, முதலில் என்னிடம் இருந்த பழைய அட்டை டிக்கெட் ஒன்றைச் செருகினேன். தடிமன் அதிகம், தந்தி ஊமையாகிவிட்டது. மளிகைக் கடை பில் செருகினேன். மெலிசு, இரண்டாவது உரசலில் கிழிந்தது. கடைசியில் சுவரில் இருந்த தினசரி காலண்டரிலிருந்து நேற்றைய தாளைக் கிழித்து, நீளவாக்கில் இரண்டாக மடித்து, ஒரு தந்திக்கு மேல், அடுத்த தந்திக்குக் கீழ் என்று பாய் முடைகிற மாதிரி பின்னிவிட்டேன். இடது கை பிடிக்கும் கழுத்து முடிகிற இடத்துக்குப் பக்கத்தில். பேரன் வலது கையால் உரசினான். வந்துவிட்டது. ஸ்வரம் மங்கி, ‘சக்’ மட்டும் எழும்பியது. “தாத்தா, ட்ரம் மாதிரியே இருக்கு!” என்றான். சமையலறையிலிருந்து என் மனைவி, “இன்னாங்க அது, அரிசி பொடைக்கிற சத்தம்?” என்றாள். அதுவும் சரிதான். முறத்தில் அரிசி புடைக்கிற சத்தம்தான் அது.

இதைக் காதில் வாங்கிக்கொண்ட பிறகு இரண்டாவது தடவை, ஒவ்வொரு பாட்டாக.

முதல் பாட்டு ‘ராக் ஐலண்ட் லைன்’. 1934-இல் அமெரிக்காவின் ஆர்கன்ஸா மாநிலத்து ஜெயில் பண்ணைக் கைதிகள் பாடிப் பதிவான பழைய பாட்டு. கேஷும் அதே ஆர்கன்ஸாக்காரர்தான். ஆரம்பத்தில் பேச்சு. ஒரு டிரைவர் டோல்கேட்டில் வண்டியை நிறுத்துகிறான். உள்ளே என்ன என்று கேட்டால் பன்றி, மாடு, ஆடு என்று அடுக்குகிறான். கால்நடைக்குச் சுங்கம் கிடையாது, விடுகிறார்கள். தாண்டிய பிறகு ஏமாற்றிவிட்டேன் என்று கத்துகிறான், உள்ளே இருப்பதெல்லாம் இரும்பு. ரயிலுக்கு ஏது டோல்கேட் என்று எனக்குள் இருக்கும் கார்டு முதலில் முறைத்தான். பள்ளிகொண்டா டோல்கேட்டில் லாரிக்காரர்கள் சொல்லும் கதைகளைக் கேட்டவர்களுக்கு ஆளை உடனே அடையாளம் தெரியும். பேச்சு முடிந்து பாட்டு வேகம் பிடிக்கிற இடத்தைக் கவனியுங்கள். முழு லோடு வண்டி லூப்பை விட்டுக் கிளம்பி மெயினுக்கு ஏறுகிற நேரம் அது.

இரண்டாவது, ‘லோன்சம் விசில்’. ஹேங்க் வில்லியம்ஸ் முன்பே பாடியது. ஒரு காலத்தில் ரயிலில் போனவன், இப்போது கம்பிக்குள் இருந்து அதன் விசிலைக் கேட்கிறான். விசில் என்ற வார்த்தையையே அவர் விசிலாக இழுக்கிறார். மூன்றாவது ‘கன்ட்ரி பாய்’, கேஷ் எழுதியது. டையஸ் என்ற ஊரில் பருத்தி எடுத்து வளர்ந்தவர். லீவு நாளில் மல்லாட்டை பிடுங்கக் கொல்லைக்குப் போன நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்கு விளக்கம் தேவைப்படாது. நான்காவதும் ஆறாவதும் சுமார், டீ போட எழுந்து போகலாம். நடுவில் ஐந்தாவது ‘க்ரை க்ரை க்ரை’ வரும்போது திரும்பி வந்துவிடுங்கள். 1955-இல் அவருடைய முதல் ரெக்கார்டில் வந்த பாட்டு, அப்போது அவருக்கு வயது 23.

இரண்டாம் பக்கத்தில் முதல் பாட்டு தானாகப் போகட்டும். அடுத்தது ஒரு பக்திப் பாட்டு. கேஷ் சன் கம்பெனிக்குப் போனதே தேவன் பாட்டுப் பாடத்தான். முதலாளி சாம் ஃபிலிப்ஸ், அது விற்காது என்று மறுத்துவிட்டார். அப்படியும் ஒன்று ஆல்பத்துக்குள் நுழைந்துவிட்டது. சர்ச் பாட்டுக்குழுவில் இருக்கிறவர்கள் இதிலிருந்தே ஆரம்பிக்கலாம், தப்பில்லை.

‘ஐ வாக் த லைன்’ பாட்டில் நிறுத்தி நிதானமாக உட்கார வேண்டும். 1956 ஏப்ரல் 2 அன்று பதிவானது. கேஷ் மெதுவாகப் பாட நினைத்தார். வேகமாகப் பாடு என்றவர் சாம் ஃபிலிப்ஸ். ஒவ்வொரு சரணத்துக்கும் சுருதி மாறுகிறது. மாறுவதற்கு முன் கேஷ் ‘ம்ம்ம்’ என்று முனகுவார். அழகுக்குப் போட்டது என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அடுத்த சுருதியைப் பிடிக்கிறார், அவ்வளவுதான். நம்ம பக்கத்துத் தெருக்கூத்தில் ஆர்மோனியக்காரர் கட்டையை மாற்றினால், வேஷக்காரர் ஒரு ‘ஆ’ இழுத்துப் பிடித்துக்கொள்வாரே, அதே வேலை. நீங்களும் கூடவே முனகிப் பாருங்கள். மூன்றாவது சரணம் வரை மேலே ஏறும், பிறகு வந்த வழியே இறங்கும். ஐந்தாவது சரணம் முதல் சரணத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே போய் நிற்கும். நான் அங்கே ஒவ்வொரு தடவையும் கவிழ்கிறேன். தொண்டையில் காற்று மட்டும்தான் வருகிறது.

அடுத்தது ‘ரெக் ஆஃப் தி ஓல்டு 97’. இது நிஜ விபத்து. 1903 செப்டம்பர் 27, வர்ஜீனியாவில் டான்வில் பக்கத்தில், லேட்டாக ஓடிய தபால் வண்டி நேரத்தைப் பிடிக்க வேகமெடுத்து, பாலத்து வளைவில் பாய்ந்து விழுந்தது. 11 பேர் செத்தார்கள், டிரைவரும் ஒருவர். சந்தையிலும் ரயிலிலும் காலணாவுக்குக் கொலைச்சிந்து பாடி விற்ற காலத்தை என் தாத்தா சொல்லுவார். கொலை, வெள்ளம், ரயில் கவிழ்ந்தது, எல்லாம் பாட்டாக வரும். இது அந்த ஜாதி. இந்த ஆல்பம் வருவதற்கு ஏறக்குறைய ஒரு வருஷத்துக்கு முன், 1956 நவம்பரில்தான், நமக்கு அரியலூர் விபத்து நடந்து, ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்தார். இந்தப் பாட்டில் பிரேக் காற்று போய்விடுகிற இடம் வரும். பிரேக் வேனில் உட்கார்ந்தால் கண் தானாக அழுத்தம் காட்டும் மீட்டரில்தான் இருக்கும். ஐந்து கிலோவுக்குப் பக்கத்தில் முள் நிற்க வேண்டும். அது இறங்குவதைப் பார்த்தவன் இந்தப் பாட்டுக்குத் தாளம் போட மாட்டான். கேஷ் குஷியாகத்தான் பாடுகிறார், எனக்கு அது மட்டும் ஒட்டவில்லை.

‘ஃபால்சம் ப்ரிசன் ப்ளூஸ்’. விமானப்படையில் ஜெர்மனியில் இருந்தபோது, ஃபால்சம் ஜெயிலைப் பற்றிய ஒரு படம் பார்த்துவிட்டு எழுதியது. மெட்டும் பல வரிகளும் கார்டன் ஜென்கின்ஸ் என்பவரின் 1953-ஆம் வருஷத்துப் பாட்டிலிருந்து எடுத்தவை. பிறகு அதற்காகப் பணம் கட்டித்தான் தீர்த்தார். பிடித்த பாட்டு என்பதற்காக இதை மறைக்கக் கூடாது. பாட்டில் ஒருவன் ரினோ நகரத்தில், ஆள் சாவதைப் பார்க்கலாம் என்று சுட்டுவிட்டு, ஃபால்சம் ஜெயிலில் கிடக்கிறான். ரினோ நெவாடாவில், ஃபால்சம் கலிஃபோர்னியாவில். சித்தூரில் கொன்றவனை வேலூர் ஜெயிலில் போட்ட மாதிரி. 1911-க்கு முன்னால் என்றால் சரி, அப்போது சித்தூர் நம்ம வட ஆற்காடு ஜில்லாதான்!

கைதிக்கு ஜெயில் பெரிய துக்கமில்லை. வெளியே போகிற ரயிலில் யாரோ சாப்பாட்டுப் பெட்டியில் காபி குடித்துச் சுருட்டு பிடித்துக்கொண்டிருப்பார்களே, அதுதான் அவனை அரிக்கிறது. தொரப்பாடியில் என் மச்சான் வீடு. சென்ட்ரல் ஜெயில் அந்தப் பக்கம்தான். மொட்டை மாடியில் படுத்தால், காற்று வாகாக அடிக்கிற ராத்திரியில், விழுப்புரம் லைன் வண்டியின் ஹாரன் வரும். மச்சானுக்குக் கேட்பது அந்தச் சுவருக்கு உள்ளேயும் கேட்கத்தானே செய்யும். முதல் தடவை அங்கே படுத்திருந்தபோது இது தோன்றி, எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அத்தனை வருஷம் எத்தனை ஊரை எழுப்பியிருப்போம்! லூதரின் தொடக்க வாசிப்பை, முடிந்தால், அப்படி ஒரு மாடியில் கேளுங்கள்.

12-ஆவது ‘டூயின் மை டைம்’, கல்லுடைக்கிற கைதி. ஃபால்சத்துக்குப் பிறகு வருவதால் கொஞ்சம் அடிபட்டுப்போகிறது. இருந்தாலும் ஓடவிடுங்கள்.

இனி ஒரே ஒரு பாட்டு பாக்கி, அது பழைய எல்பியில் கிடையாது. ‘ஹே போர்ட்டர்’. 1955-இல் ‘க்ரை க்ரை க்ரை’ ரெக்கார்டின் மறுபக்கம் வந்தது. 12 பாட்டும் முடிந்து, ஐந்து நிமிடம் சும்மா இருந்துவிட்டு இதைப் போடுங்கள். இதில்தான் ஆள் ரயிலுக்கு உள்ளே இருக்கிறான். டென்னஸிக்கு வீடு திரும்புகிறவன், இன்னும் எவ்வளவு நேரம், இன்னும் எவ்வளவு தூரம் என்று போர்ட்டரை, அதாவது வண்டிக்குள் பயணிகளைக் கவனிக்கிற ஆளை, பிடுங்கி எடுக்கிறான்.

பாஸஞ்சர் வண்டி பார்த்த நாளில் எனக்கும் ஒருவன் வாய்த்தான். கம்மவான்பேட்டைப் பையன், மிலிட்டரி. கருப்பு டிரங்குப் பெட்டியோடு அரக்கோணத்தில் ஏறினான். சோளிங்கபுரத்தில் இறங்கி வந்து, “சார், காட்பாடி எத்தினி மணிக்கு?” என்றான். சொன்னேன். வாலாஜா ரோட்டில் வந்தான். முகுந்தராயபுரத்தில் வந்தான். திருவலத்தில் வண்டி நிற்பதற்குள் குதித்து வந்து நின்றான். “அடுத்தது சேவூர் தம்பி, அப்புறம் காட்பாடி, போய் உக்காரு” என்றேன். பெட்டியை ஏற்கெனவே தோளில் ஏற்றிவிட்டிருந்தான்.